ஊதா நாக்கு

கணக்கு எழுதும்போது தாத்தா பென்சில் முனையை அடிக்கடி நாக்கில் தொட்டுக்கொள்வாராம். கடையை அடைக்கும் நேரத்தில் அவர் நாக்கு ஊதாவாக இருக்கும் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். போன மாதம் அந்தக் கதை எனக்கு உதவியது.

தாத்தா பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் பொன்வேலை செய்தவர். அவருடைய தராசுப் பெட்டி இப்போது ஆயர் ஈத்தாமில் என் வீட்டில் இருக்கிறது. சிறிய தேக்குப் பெட்டி, இரண்டு பித்தளைத் தட்டுகள், குழிகளில் வரிசையாகப் படிக்கற்கள். மூடியின் உட்புறத்தில் அவர் கையால் எழுதிய சீட்டு: ‘தோலா 1 – கிரேன் 180. பவுன் 1 – கிரேன் 123¼.’ தோலா, பவுன், கிரேன் எல்லாம் பழைய எடை அளவுகள். அதன் கீழே மூன்றாவது வரி ஒன்று.

அந்த மூன்றாவது வரிக்குத்தான் ஆபத்து வந்தது. 1994 தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது, தொங்கிக்கொண்டிருந்த மூலையை அண்ணன் பள்ளிக்கூட வெள்ளைப் பசையால் ஒட்டிவிட்டார். நல்ல எண்ணம்தான். பிறகு மற்ற இடங்களில் இருந்த பழைய வச்சிரப் பசை இந்த ஊர் ஈரத்தில் விட்டுப்போக, சீட்டு அந்த ஒரு மூலையில் மட்டும் தொங்கியது. எடுக்கப் போனேன், கிழிந்தது. வரியின் பின்பாதி பலகையிலேயே நின்றுவிட்டது. வெள்ளைப் பசை புட்டியில் இருக்கும்வரைதான் தண்ணீருக்குக் கட்டுப்படும். காய்ந்தபின் தண்ணீர் பட்டால் ரப்பர்போல ஊறி வெளுக்குமே தவிர, கரைந்து போகாது. மூடிய பெட்டிக்குள் புளிப்பு ஆவியையும் மெல்ல விடும். பித்தளைக்கு அது ஆகாது.

எனவே, பின்னால் எடுக்கக்கூடிய பசை வேண்டும் என்று முடிவு செய்தேன். அம்மா புத்தக அட்டைக்குக் காய்ச்சும் மைதாப் பசை நினைவுக்கு வந்தது. பூச்சி வராமலிருக்க அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார், அது தாமிர உப்பு. தாமிரம் கலந்தால் காகிதம் விரைவில் நொறுங்கும், அது வேண்டாம். மைதாவில் இருக்கும் பசைப் புரதமும் வேண்டாம்; நாளடைவில் மஞ்சளாகும். அதை நீக்கிய கோதுமை மாவுச்சத்து இங்கே கேக் சாமான் கடைகளில் கிடைக்கிறது. சீனர்கள் இறால் திம்சம் என்ற ஆவிக் கொழுக்கட்டையின் கண்ணாடித் தோலுக்கு வாங்குவது அதைத்தான்.

மெத்தில் செல்லுலோஸ் என்ற பசைத் தூளையும் யோசித்தேன். ராமபாணப் பூச்சி அதைச் சீண்டாது. கொதிநீரில் தூவினால் கரையாமல் மிதக்கும், ஆறினால்தான் கரையும்; கஞ்சி காய்ச்சிப் பழகிய கைக்கு இது வேடிக்கை. ஆனால் நூறு பங்கு தண்ணீருக்கு இரண்டு மூன்று பங்கு தூள். அதாவது கிட்டத்தட்ட எல்லாமே தண்ணீர்.

தண்ணீர் என்றதும் தாத்தாவின் நாக்கு நினைவுக்கு வந்தது. அது காப்பியிங் பென்சில்! கரியோடு ஊதாச் சாயம் கலந்தது. பல்குத்தும் குச்சியில் ஒரு இழை பஞ்சு சுற்றி, நனைத்து, ‘கிரேன்’ என்பதன் புள்ளியில் மட்டும் தொட்டேன். சாம்பல் நிறப் புள்ளி கண்ணெதிரே ஊதாவாகி, ஒற்றுத்தாளில் கடுகளவு கறை விட்டது. அடுத்த புள்ளியைச் சாராயத்தில் நனைத்துப் பார்த்தேன். அதுவும் கரைந்தது. ஆக, சாராயத்தில் கரைக்கும் பசைகளும் போயின. முதுகு முழுவதும் பசை தடவியிருந்தால் சீட்டே ஊதாக் குழம்பாகியிருக்கும்.

பிறகு செய்தது இதுதான். மாவுச்சத்து ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு. சிறு தீயில் இருபது நிமிடம் விடாமல் கிண்டினேன். பால்போல் இருந்தது கண்ணாடிபோல் ஆனதும் ஆறவைத்து, வலையில் இரண்டு முறை தேய்த்து எடுத்தேன். கெட்டியாகவே வைத்துக்கொண்டேன், கெட்டிப் பசையிலிருந்து ஈரம் அதிகம் பரவாது. ஜப்பானியத் தாளைக் கையால் கிழித்து, விரல் நகமளவில் நான்கு துண்டுகள். துண்டில் மட்டும் பசை தடவி, பளபளப்பு மறையும்வரை காத்திருந்தேன். பாதித் துண்டு சீட்டின் முதுகில், எழுத்தே இல்லாத ஓரத்தில், மறுபாதி பலகையில். மேலே ஒற்றுத்தாள், அதற்கு மேல் பச்சைப்பயறு கட்டிய துணிப்பை, ஒரு இரவு. நாளை யாருக்காவது எடுக்கவேண்டுமானால் தண்ணீரே வேண்டாம். துண்டுகளை பிளேடால் அறுத்தால் போதும். பூச்சிக்கும் நான்கு நகமளவுதான் தீனி.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வந்தார். ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்து, “இது நிற்குமா, தங்கச்சி?” என்றார்.

“நீங்கள் ஒட்டியது நிற்கிறதே அண்ணே, இன்னும் அசையவில்லை” என்றேன். சிரித்துக்கொண்டார்.

அவர் ஒட்டிய துணுக்கை நான் சுரண்டவில்லை. கிழிசலின் இரு ஓரங்களும் சேரும்படி சீட்டை வைத்திருந்தேன். நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்ணன் மூன்றாவது வரியை வாய்விட்டுப் படித்தார்: “குண்டுமணி 1 – கிரேன் இரண்டுக்குக் கொஞ்சம் குறைச்சல்.”