உயர்கல்வி பெற்றவர் யார்?

கோலாலம்பூரிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தில், வீடு வீடாகச் சென்று நிரப்பப்படும் கருத்தாய்வுப் படிவங்களைக் குறியீட்டு எண்களாக மாற்றும் பிரிவில் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறேன். வயது, வேலை, வருமானம் என்று வரும் கேள்விகளுள் 'நீங்கள் முடித்த மிக உயர்ந்த கல்வி எது?' என்பதுதான் எங்கள் நேரத்தை அதிகம் விழுங்குவது. நாட்டில் வயதுவந்தோரில் இத்தனை விழுக்காட்டினர் உயர்கல்வி பெற்றவர்கள் என்று நாளிதழில் நாம் படிக்கும் எண், இந்த விடையை எந்தக் கட்டத்தில் போடுகிறோம் என்பதைப் பொறுத்தே ஏறும், இறங்கும்.

யுனெஸ்கோ 2011ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட பன்னாட்டுக் கல்வி வகைப்பாட்டில் 0 முதல் 8 வரை நிலைகள் உள்ளன. 5 முதல் 8 வரையுள்ளவையே உயர்கல்வி; 3 என்பது மேல்நிலைப் பள்ளி, 4 பள்ளிக்குப் பிந்தைய, ஆனால் உயர்கல்வியாகாத படிப்பு, 6 இளங்கலைப் பட்டம். நம் நாட்டுச் சான்றிதழ்களையும் பட்டங்களையும் தரப்படுத்தும் மலேசியத் தகுதிக் கட்டமைப்பிலும் எட்டு நிலைகள் இருப்பதால், புதிதாக வேலைக்கு வருபவர்கள் இரண்டும் ஒன்றென்றே எண்ணிவிடுகிறார்கள். நம் கட்டமைப்பில் டிப்ளோமா நான்காம் நிலை. பன்னாட்டு வகைப்பாட்டில் அது ஐந்து. நம் எண்ணையே அப்படியே எழுதிவிட்டால், இந்த ஓர் எண் வேறுபாட்டில் டிப்ளோமாக்காரர்கள் அத்தனை பேரும் உயர்கல்விக் கணக்கிலிருந்து வெளியே போய்விடுவார்கள். நாடுகளின் உயர்கல்வி விழுக்காட்டுப் பட்டியல்களில் கனடா உச்சியில் நிற்பதற்கு, அங்குள்ள குறுகியகாலக் கல்லூரிப் படிப்புகள் ஐந்தாம் நிலையில் எண்ணப்படுவது முக்கியக் காரணம். தொழிற்சாலையிலும் பள்ளியிலுமாகத் திறமையான தொழிலாளர்களை உருவாக்கும் ஜெர்மனியில் அப்பயிற்சி பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிடுகிறது. இதை வைத்து எந்த நாட்டார் கெட்டிக்காரர் என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

பழைய சான்றிதழ்கள்தாம் உண்மையான தலைவலி. பினாங்கு பிறையில் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர், எண்பதுகளில் ஐந்தாம் படிவம் (இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் ஆண்டு; அதன் இறுதித் தேர்வே எஸ்.பி.எம்.) முடித்து, ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இரண்டாண்டுகளுக்கு மேல் பயின்றவர். பிளாஸ்டிக் உறையிலிருந்து சான்றிதழை எடுத்து, எங்கள் களப்பணியாளரான இளம்பெண்ணிடம் நீட்டி, "வெறும் சான்றிதழ்னு எழுதிடாதம்மா, எஸ்.பி.எம். மாதிரி ஆயிடும். நான் காலேஜ்ல படிச்சவன்" என்றாராம். அவள் அதை அப்படியே படிவத்தின் ஓரத்தில் எழுதி வந்தாள். இன்று அதே பயிற்சி இளங்கலைப் பட்டமாக வழங்கப்படுகிறது. அதே வேலைக்கு வரும் இளைஞர் தயக்கமின்றி ஆறாம் நிலையில் அமர்வார். பழைய தகுதிகளை, அவை பெறப்பட்ட காலத்தில் எத்தன்மையுடன் இருந்தனவோ அதைக்கொண்டே வகைப்படுத்த வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டல். அதன்படி அவருக்குப் பட்டதாரி நிலை தர இயலாது. ஆயினும் ஐந்தாம் படிவத்துக்குப் பிந்தைய அத்தனை காலப் படிப்பை மூன்றாம் நிலையில் தள்ளுவதும் முறையன்று. நான் ஐந்து என்றேன், உடன் பணிபுரிபவர் நான்கு என்றார். நம் புள்ளிவிவரத் துறை டிப்ளோமாக்காரர்களையும் சேர்த்துப் 'பட்டதாரிகள்' என்று கணக்கிடும்போது குறைந்தது இரண்டாண்டுப் படிப்பு என்பதை அளவாகக் கொள்வதைச் சுட்டிக்காட்டிய பிறகே அவர் இணங்கினார்.

படிப்பைத் தொடங்கி முடிக்காதவர்கள் வேறொரு வகை. செந்தூல் அடுக்குமாடியில் மகனுக்காக விடை சொன்ன அம்மா ஒருவர், "யூனிவர்சிட்டிக்குப் போனான், முடிச்ச மாதிரிதான்" என்றார். மூன்றாம் ஆண்டில் நின்றுவிட்டான் என்பது அடுத்தடுத்த கேள்விகளில்தான் தெரிந்தது. முடித்த கல்வி மட்டுமே கணக்கில் சேரும் என்பதால் பல்கலைக்கழகத்துக்கு முன் அவன் முடித்த படிப்பே பதிவாயிற்று. சேர்க்கை எண்ணிக்கையைக் காட்டிப் பெருமைப்படும் அறிக்கைகளில் இவனும் ஒரு காலத்தில் இடம்பெற்றிருப்பான்.

வயது வரம்பும் சிறிய விஷயமன்று. 15 வயதிலிருந்து எண்ணினால், இன்னும் பள்ளிச் சீருடையில் இருப்பவர்களும் உயர்கல்வி பெறாதவர் பட்டியலில் விழுந்து விழுக்காட்டைக் கீழே இழுப்பார்கள். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 25 முதல் 64 வரை எடுப்பது இதனால்தான். நம் சமூகக் கூட்டங்களில் யாரேனும் இந்தியர்களின் உயர்கல்வி விழுக்காட்டைச் சொன்னால், எந்த வயதினர், டிப்ளோமா சேர்ந்ததா என்று கேட்டுவிடுவேன். அதனாலேயே மேடையில் பேச என்னை யாரும் அழைப்பதில்லை. ஒவ்வோர் அட்டவணையின் கீழும் இவ்விரண்டையும் குறிப்பாக எழுதித்தான் அனுப்புகிறேன். இடம் போதவில்லை என்று வாடிக்கையாளர்கள் முதலில் நீக்குவதும் அந்த இரண்டு வரிகளைத்தான்.