பையின் அடியில் இருக்கும் பாட்டில்

"வேறு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா?" என்று கேட்டால் "இல்லை டாக்டர்" என்றுதான் பதில் வரும். கால்நடை மருத்துவராகப் பல வருடம் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். அப்புறம் கேள்வியை மாற்றினேன். "எண்ணெய், பவுடர், மிட்டாய் மாதிரி ஏதாவது?" சிலர் சற்றுத் தயங்குவார்கள். பிறகு கைப்பையின் அடியிலிருந்து ஒரு சின்ன பாட்டில் வெளியே வரும். சிபிடி எண்ணெய்.

கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பதாயிற்றே, திட்டுவேனோ என்ற கூச்சம்தான் மறைக்கக் காரணம். "இதில் போதை ஏறாதாம் டாக்டர்" என்று நான் வாய் திறப்பதற்குள் சொல்லிவிடுவார்கள். அது சரிதான், போதை தருவது டிஎச்சி என்ற வேறொரு பொருள். ஆனால் லேபிளில் எழுதியிருப்பதுதான் உள்ளேயும் இருக்கும் என்று நம்பிவிட முடியாது. டிஎச்சி உள்ளே போன நாயைப் பார்த்திருக்கிறேன். நின்ற இடத்திலேயே தள்ளாடும், தன்னையறியாமல் சிறுநீர் சொட்டும், கதவு சாத்தும் சத்தத்துக்குக்கூடத் தூக்கிவாரிப் போடும். மனிதர்கள் சாப்பிடும் சிபிடி மிட்டாயில் இன்னொரு ஆபத்தும் உண்டு. இனிப்புக்காகச் சைலிட்டால் சேர்த்திருந்தால் நாய்க்கு அதுவே விஷம்.

கூச்சப்படுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. "மூலிகைதானே டாக்டர், என்ன செய்துவிடும்?" என்பவர்களிடம்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. வலிப்புக்காகப் பீனோபார்பிட்டால் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாய்க்கு, மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிட்டு எண்ணெயை ஆரம்பித்தார் ஒருவர். அடுத்தடுத்து வலிப்பு வந்து நள்ளிரவில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதென்றாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். பல மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளைச் சிபிடி தடுக்கக்கூடியது.

அதற்காக எல்லாம் ஏமாற்று என்றும் என்னால் சொல்ல முடியாது. மூட்டு வாதம் உள்ள நாய்களுக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் வீதம் தினம் இருவேளை கொடுத்துப் பார்த்த கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு 2018-இல் வெளியானது. வலி குறைந்தது, நடமாட்டம் கூடியது. கூடவே ஏஎல்பி என்ற கல்லீரல் நொதியின் அளவும் ஏறியது. அதனால் இந்த எண்ணெய் கொடுப்பவர்களிடம் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறேன். பாதிப்பேர் வருகிறார்கள்.

அந்த ஆய்வைச் சொன்னதும் முகம் மலர்ந்தவர், வயதான லாப்ரடாரோடு வந்த ஒரு பெரியவர். நாய்க்கு 30 கிலோ எடை, பின்னங்கால் இரண்டும் தேய்ந்துபோன மூட்டு. "இதைக் கொடுத்த பிறகுதான் டாக்டர் அவனே எழுந்து வாசல் வரை வருகிறான்" என்றார். பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். 30 மில்லியில் 300 மில்லிகிராம். எத்தனை சொட்டு என்று கேட்டேன். காலையில் ஐந்து, அவ்வளவுதான்.

கேஸ் ஷீட்டின் ஓரத்திலேயே கணக்குப் போட்டேன். ஐந்து சொட்டு என்றால் கால் மில்லி, அதில் இரண்டரை மில்லிகிராம். ஆய்வில் கொடுத்த அளவுப்படி இந்த நாய்க்கு ஒரு வேளைக்கே 60 வேண்டும். அதோடு, அவர் எண்ணெயை ஆரம்பித்த அதே வாரம்தான் நான் வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்திருந்தேன். நாய் எழுந்து நடந்ததற்கு யார் காரணம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

கணக்கை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"அப்படியென்றால் ஒரு பாட்டில் மூன்று நாளைக்குக்கூட வராதே டாக்டர்?"

"வராது சார்."

சிரித்துவிட்டுப் பாட்டிலைப் பைக்குள் வைத்தார். "ஐந்து சொட்டே போட்டுக்கொள்கிறேன். காலையில் இந்த மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டாலே வாயைத் திறந்துகொண்டு வந்து நிற்கிறான்."

'சிபிடி எண்ணெய், காலையில் 5 சொட்டு' என்று மாத்திரைக்குக் கீழே எழுதிக்கொண்டேன்.