பாத்திரத்தில் பேர்

அமெரிக்காவின் மினசோட்டாவுக்கு வந்த முதல் ஞாயிறே ஒரு சபையை மொத்தமாக ஒரு வரிசை பின்னால் தள்ளிவிட்டோம். வேண்டுமென்று செய்யவில்லை. ஒன்பதரை மணி ஆராதனைக்கு ஒன்பதுக்கே போய், இடது பக்கம் நாலாவது பெஞ்சில் நானும் இவரும் மகளும் உட்கார்ந்தோம். ஆலயம் காலியாகக் கிடந்தது. ஒன்பது இருபது வாக்கில் வயதான ஒரு தம்பதி வந்தார்கள். எங்கள் பெஞ்சருகே ஒரு நொடி நின்றார்கள், சிரித்தார்கள், குட் மார்னிங் சொன்னார்கள், பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்கள். அடுத்து வந்த குடும்பம் அந்தப் பின் பெஞ்சைப் பார்த்து ஒரு நொடி நின்றது, அதற்கும் பின்னால் போய் உட்கார்ந்தது. இப்படியே வாசல்வரை. அந்த நாலாவது பெஞ்ச் பெரியவரின் தாத்தா காலத்திலிருந்து அவர்கள் குடும்பம் உட்காரும் இடம் என்பது எங்களுக்குத் தெரிய எட்டு மாதம் ஆனது. அதையும் அவர் சொல்லவில்லை. இவரோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் நர்ஸ் ஒருவர் சொல்லித்தான் தெரியும்.

ஊரில் மொத்தம் 700 பேர். தெற்கு டகோட்டா எல்லை அரை மணி நேரத் தூரம். ஒரு பெட்ரோல் பங்க், ஒரு பேங்க், ரயில் தண்டவாளத்தை ஒட்டித் தானியக் களஞ்சியத்தின் உயரமான சிமெண்ட் உருளைகள், மற்றபடி கண்ணுக்கு எட்டியவரை சோளமும் சோயாவும். இங்கே ஏன் வந்தோம் என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். இவர் டாக்டர். ஜே-1 விசாவில் வந்து படித்தவர்கள் படிப்பு முடிந்ததும் இரண்டு வருஷம் ஊருக்குத் திரும்ப வேண்டும். அல்லது டாக்டர் கிடைக்காத பகுதியில் மூன்று வருஷம் வேலை செய்ய வேண்டும். கான்ராட் 30 என்று அதற்கு ஒரு திட்டம், மாநிலத்துக்கு வருஷம் 30 பேர். அதில் ஒருவராக இவரும், கூடவே நாங்களும்.

எனக்கு இருந்த ஒரே தைரியம், ஊரில் இருப்பது மார்ட்டின் லூதர் வழிவந்த லுத்தரன் சபை என்பது. நான் பொறையாற்றுக்காரி. தரங்கம்பாடி கூப்பிடு தூரம். அங்கே லுத்தரன் போதகர் சீகன்பால்கு கப்பலில் வந்து இறங்கியது 1706-இல். தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது 1715-இல். புது எருசலேம் ஆலயம் 1718-இல். அதனால் ஆராதனை முடிந்து காபிக்கு நின்றபோது ஒருவர், “நீங்கள் லுத்தரனாக மாறி எவ்வளவு நாள் ஆகிறது?” என்று கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் ஆலயம் கட்டி 140 வருஷம் கழித்துத்தான் மினசோட்டா ஒரு மாநிலமாகவே ஆனது என்றேன். அவர் கோப்பையைப் பார்த்துக்கொண்டு யோசித்தார். அதைக் கட்டிய போதகர் எந்த நாடு என்று கேட்டார். ஆள் ஜெர்மானியர், அனுப்பியது டென்மார்க் ராஜா என்றேன். டென்மார்க் என்றதும் முகம் லேசாகச் சுருங்கியது. இவர்கள் நார்வேக்காரர்கள், 1814 வரை நார்வே டென்மார்க்கின் பிடியில்தான் இருந்தது. “சரி, யாராவது அனுப்பித்தானே ஆகணும்” என்று சொல்லிவிட்டு இன்னொரு காபி ஊற்றிக்கொண்டார்.

அந்தக் காபியைப் பற்றி நான் பேசாமல் இருப்பதே நல்லது. விசேஷ நாட்களில் காபித்தூளில் முட்டையை உடைத்துப் பிசைந்து கொதிக்க விடுவார்கள். கசடெல்லாம் கட்டியாகி ஒதுங்கி, தேநீர் நிறத்தில் தெளிவாக வரும். கும்பகோணம் பக்கம் காபி குடித்து வளர்ந்த நாக்குக்கு அது வெந்நீர்தான். ஆனால் ஐந்து கோப்பை குடித்தாலும் தூக்கம் கெடாது, அதையும் சொல்ல வேண்டும்.

போதகரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பது அடுத்த பிரச்சினை. எங்கள் சபைகளில் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. இங்கே போதகரே பெண். அமெரிக்க லுத்தரன்களில் பெண்களுக்குக் குருப்பட்டம் 1970-லேயே தொடங்கிவிட்டது. நான் வளர்ந்த சபையில் பீடத்தில் பெண்ணைப் பார்த்ததே இல்லை. அம்மா போனில், “அப்ப ஐயரம்மா யாருடி?” என்றாள். ஐயரம்மா இடத்தில் இருப்பவர் அறுப்பு நாட்களில் தானிய லாரி ஓட்டுகிறார் என்றேன். அம்மா வெகுநேரம் சிரித்தாள். போதகரம்மாவுக்கு எங்கள் சபை மட்டும் இல்லை, மூன்று சபை. எட்டு மணிக்கு ஒன்று, ஒன்பதரைக்கு நாங்கள், பதினொன்றுக்கு இன்னொன்று. நடுவில் பதினைந்து மைல் வண்டி ஓட்டம். ஆகவே பிரசங்கம் பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல் போகாது. ஊரில் முக்கால் மணி நேரப் பிரசங்கம் கேட்டு வளர்ந்தவள் நான். இதில் மட்டும் இவர்கள் பக்கம்தான்.

பாட்டு வேறு சங்கதி. வாரத்தில் ஆறு நாள் பத்து வார்த்தை பேசாத ஆட்கள், சிவப்புப் பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் நாலு குரலில் பிரித்துப் பாடுகிறார்கள். பாடகர் குழு இல்லை, சாதாரணமாக பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள். முதல் முறை பின்னாலிருந்து அந்தக் கட்டைக்குரல் எழும்பியபோது திரும்பிப் பார்த்தேன். நாலாவது பெஞ்ச் பெரியவர். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பு, கண்ணை மூடிக்கொண்டு பாடினார்.

எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் நலம் விசாரித்தார்கள், யாரும் வீட்டுக்கு வரவில்லை. இதுதான் எனக்கு முதல் குளிர்காலம் முழுக்க இருந்த வருத்தம். எங்கள் பக்கம் புதுக் குடும்பம் ஒன்று வந்தால் அன்று சாயங்காலமே சபை ஊழியரான உபதேசியார் கதவைத் தட்டுவார். இங்கே கார் நிறுத்துமிடத்தில் “டேக் கேர்” சொல்லிக் கை காட்டினால் அடுத்த ஞாயிறுதான். பனிப்புயல் வந்தால் அதுவும் இல்லை. ஆராதனை ரத்து என்று ரேடியோவில் சொல்லிவிடுவார்கள். மைனஸ் முப்பதில் ஜன்னலோரம் நின்று நான் அழுத ஞாயிறுகள் இருக்கின்றன.

செப்டம்பரில் நடந்த பாட்லக் ஞாபகமும் அதற்கு ஒரு காரணம். நம் ஊர்ச் சபை விருந்தான அசனம் மாதிரி ஒரே இடத்தில் அண்டா வைத்துச் சமைப்பது கிடையாது. வீட்டுக்கு வீடு ஒரு பதார்த்தம் கொண்டுவந்து நீள மேசையில் பரப்புவார்கள். எல்லாம் ஒன்பதுக்குப் பதின்மூன்று அங்குலத் தட்டு, ஊருக்கே அதுதான் படி, மரக்கால் மாதிரி. கொத்துக்கறி மேல் காளான் சூப், அதன் மேல் உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி ஓவனில் வேகவைத்த ஹாட்டிஷ் நாலு தட்டு. கேரட் துருவிப் போட்ட பச்சை ஜெல்லி. பார்ஸ் என்று சதுரம் சதுரமாக வெட்டிய இனிப்பு ஏழு வகை. நடுவில் என் அம்மாச்சியின் எவர்சில்வர் தூக்குப்போசி நிறைய எலுமிச்சை சாதம். மிளகாயைப் பாதியாகக் குறைத்திருந்தேன். ஒரு பாட்டி ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, “ஓ, இது டிஃபரன்ட்” என்றார். பாராட்டு என்று நினைத்து வீட்டுக்கு வந்து இவரிடம் பெருமையாகச் சொன்னேன். மினசோட்டாவில் அந்தச் சொல்லுக்கு ‘ஆளை விடு’ என்று அர்த்தம் என்பது பிறகு தெரிந்தது.

பாத்திரம் கழுவ அடுக்களைக்குள் போனபோது ஒன்று கவனித்தேன். ஒவ்வொரு தட்டின் அடியிலும் மஞ்சள் காகித டேப் துண்டு, அதில் பேனாவால் குடும்பப் பேர். சில டேப்புகள் நாலைந்து வருஷம் கழுவுபட்டுப் பாத்திரத்தோடு பாத்திரமாகிவிட்டன. என் தூக்கைத் திருப்பிக் காட்டினேன். அம்மாச்சி பேரும் 1968 என்ற வருஷமும் உளியால் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. ஒரு பெண்மணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் தடவிப் பார்த்தார். “இது உரியாது” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

மார்ச் மாதம், லெந்து என்கிற தவக்கால நாட்களில் ஒரு செவ்வாய்க்கிழமை, அதே பெண்மணி போன் செய்தார். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. “வியாழக்கிழமை அடக்கம். உங்களுக்கு இரண்டு தட்டு பார்ஸ். எட்டரைக்கு வந்துவிடுங்கள், ஏப்ரன் எடுத்து வாருங்கள்.” வைத்துவிட்டார். எனக்குக் கோபம். இத்தனை நாளில் ஒரு வாய்க் காபிக்குக் கூப்பிடவில்லை, வேலைக்கு மட்டும் கூப்பிடுகிறார்களா என்று அம்மாவிடம் பொருமினேன். அம்மா, “விருந்தாளிய யாருடி தேங்கா துருவச் சொல்லுவா?” என்றாள்.

போனேன். இறந்தவர் 91 வயதுப் பாட்டி. சாப்பாட்டுக்கு 180 பேர் வருவார்கள் என்று கணக்கு. சபைப் பெண்கள் குழு குழுவாகப் பிரிந்து முறை வைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்காமலே ஒரு குழுவில் எழுதியிருந்தார்கள், சுவரில் ஒட்டிய தாளில் என் பேர் இருந்தது. பன்னை இரண்டாகக் கீறி வெண்ணெய் தடவும் வேலை எனக்கு. ஐந்தாவது பன்னில் ஒரு கை வந்து நிறுத்தியது. வெண்ணெய் ஓரம் வரை போக வேண்டுமாம். ஓரத்தில் வெறுமையாக விட்டால் பன்றிக்கறியின் ஈரம் ரொட்டிக்குள் இறங்கி, பரிமாறுவதற்குள் சொதசொதவென்று ஆகிவிடும். வெண்ணெய்தான் அணை. காட்டிக் கொடுத்துவிட்டு அந்தக் கை போய்விட்டது. மூன்று மணி நேரம் நின்றுகொண்டே வேலை. எந்த ஊர், எப்படி இருக்கிறது அமெரிக்கா, குளிர் தாங்குகிறதா, ஒரு கேள்வி இல்லை. “நேராக வெட்ட வருமா?” என்று ஒன்று மட்டும் கேட்டார்கள். வரும் என்றேன். பார்ஸ் வெட்டக் கத்தியைக் கொடுத்தார்கள்.

அதன்பின் புதன்கிழமைகளும் எனக்குப் பழகின. புதன் சாயங்காலம் ஆலயத்துக்கு என்று பள்ளிக்கூடமே விளையாட்டு எதுவும் வைக்காமல் விட்டுவிடுகிறது. பிள்ளைகளுக்குத் திடப்படுத்தல் வகுப்பு, லெந்து நாட்களில் சூப் சாப்பாடு. காலையில் மெத்தைப் போர்வை தைக்கும் கூட்டம். பழைய துணிகளை ஒட்டுப்போட்டு, 60 அங்குலத்துக்கு 80 அங்குலம், லுத்தரன் வேர்ல்ட் ரிலீஃப் வழியாக வெளிநாடுகளுக்குப் போகிறது. அம்மா சின்ன வயதில் கோயிலில் கொடுத்த அமெரிக்கப் பால் பவுடரை வரிசையில் நின்று வாங்கியவள். அதைச் சொல்லி, என் சுங்குடிச் சேலை ஒன்றைத் தைக்கக் கொடுத்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “ரொம்ப மெல்லிசு” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒப்புக்கு வாங்கி மூலையில் போடவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் இரண்டாக மடித்துத் தைத்து மறு வாரம் கொண்டுபோனேன். எடுத்துக்கொண்டார்கள்.

ஆராதனையில் பொது ஜெபத்தின்போது மழை எப்போதும் வரும். நான் டெல்டாக்காரி, ஜூன் 12 மேட்டூர் திறக்குமா என்று ஆலயத்தில் ஜெபித்து வளர்ந்தவள். அதனால் அந்த இடத்தில் மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை. மே மாதம் விதைப்பு, அக்டோபர் அறுப்பு, இரண்டிலும் பெஞ்சுகளில் ஆண்கள் இருக்க மாட்டார்கள். யாரும் குறையாகச் சொல்வதில்லை. ஈரம் சரியாக இருக்கும் நாள் ஞாயிறாக அமைந்தால் அன்று அறுப்புதான்.

இரண்டாவது அக்டோபரில் நாலாவது பெஞ்ச் காலியானது. பெரியவருக்கு இதய ஆபரேஷன், ஊரைவிட்டு இரண்டரை மணி நேரத் தூரத்தில் பெரிய ஆஸ்பத்திரி. அந்த ஞாயிறு ஆலயம் நிறைந்திருந்தும் அந்த பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. சோயா முற்றிக் காய்ந்து நிற்கிறது என்று ஆராதனை முடிந்து காபி மேசையில் ஒருவர் சொன்னார். சனிக்கிழமை என்று இன்னொருவர் சொன்னார். ஆலோசனை முடிந்துவிட்டது.

சனிக்கிழமை அவர் நிலத்தில் ஆறு அறுவடை மிஷின்கள், பின்னால் தானிய வண்டிகள், லாரியில் நம் ‘ஐயரம்மா’. ஆறும் சாய்ந்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போக, புழுதி சூரியனை மறைத்தது. எனக்கு வந்த உத்தரவு: நாற்பது பேருக்குச் சாப்பாடு, அதில் உன் பங்கு கோழி. தூக்குப்போசி நிறைய கோழி புலாவ் கொண்டுபோனேன், மிளகாய் அறவே இல்லை, பட்டை கிராம்பு மட்டும். பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கிவிட்டு அதன்மேல் பரிமாறினோம். புழுதி அப்பிய முகத்தோடு நின்றபடியே சாப்பிட்டார்கள். ஒருவர் இரண்டாம் முறை தட்டை நீட்டி, “நாட் டூ பேட்” என்றார். அதற்கு மேல் இந்த ஊரில் பாராட்டு கிடையாது. இருட்டும்போது வயல் மொட்டையாக இருந்தது. யாரும் கை தட்டவில்லை, போட்டோ எடுக்கவில்லை; அவரவர் வயலில் வேலை பாக்கி என்று கிளம்பிவிட்டார்கள். என் தூக்கு யாருடைய வண்டியிலோ போய்விட்டது.

அம்மாச்சி தூக்கு. இரண்டு வாரம் தூக்கம் இல்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்வார்களோ என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறு ஆலய அடுக்களை மேசையில் உட்கார்ந்திருந்தது. கம்பி நாரால் அழுத்தித் தேய்த்து உடம்பெல்லாம் கீறல், அந்தப் புண்ணியவதி யாரென்று இன்றுவரை தெரியாது. திருப்பிப் பார்த்தேன். அம்மாச்சி பேருக்குக் கீழே மஞ்சள் டேப், அதில் என் பேர், இரண்டு எழுத்துத் தப்பாக. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு சின்னப் பரங்கிக்காய், காம்பில் மண் ஒட்டியபடி.

அன்று ராத்திரி பரங்கிக்காய்க் கூட்டு. கொஞ்சம் தித்திப்பு தூக்கல்தான், ஆனாலும் மோசமில்லை.