கன்னங்குறிச்சி வைக்கோல் போர்: மூன்றாவது கேன்வாஸ்

மூன்று மாதமாக ஞாயிறு காலைகளில் சேலம் கன்னங்குறிச்சி தாண்டி ஒரு வரப்பில் உட்கார்ந்து ஆயில் பெயிண்டிங் பழகுகிறேன். எதிரே ஒரு வைக்கோல் போர், நாலு தென்னை, பின்னால் சேர்வராயன் மலை. அந்த நேரத்து வெளிச்சத்தைச் சின்னச் சின்ன வண்ணத் தீற்றுகளில் பிடிக்கிற இம்ப்ரெஷனிச பாணியில் ஒரு படமாவது உருப்படியாக வரையவேண்டும் என்பது ஆசை. அந்தப் பாணியின் பிரெஞ்சு ஓவியர் மோனே 1890-91 வாக்கில் போர்களை மட்டுமே 20-க்கும் மேற்பட்ட படங்களாக வரைந்தார். அவருடையது கோதுமைப் போர், நம்முடையது நெல் வைக்கோல். மற்றபடி வெயில் ஒன்றுதானே என்று நினைத்தேன்.

முதல் கேன்வாஸில் மலைக்குப் பச்சை அடித்தேன். மலை என்றால் பச்சை என்றுதானே சின்ன வயதிலிருந்து கிரேயானில் பூசி வருகிறோம். முடித்துப் பார்த்தால், போருக்குப் பின்னால் பாசி பிடித்த காம்பவுண்ட் சுவர் நிற்கிற மாதிரி இருந்தது. அடுத்த வாரம் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றில் ஒரு ரூபாய் அளவு ஓட்டை போட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் வழியாக மலையைப் பார்த்தேன். ஓட்டைக்குள் பச்சையே இல்லை. நீலச் சாம்பல், கொஞ்சம் ஊதா. அடிவாரத்தில் மட்டும் மங்கலாக ஒரு பச்சைக் கோடு. இத்தனை வருஷம் தினமும் பார்த்த மலை!

இரண்டாவது சேறாகிப் போனது. வெயில் படுகிற பக்கத்துக்கு மஞ்சளை அப்பிவிட்டு, அது காயுமுன்னே நிழலுக்கு ஊதாவைக் கொண்டுபோய்த் தேய்த்தேன். மஞ்சளும் ஊதாவும் எதிரெதிர் நிறங்கள். பக்கத்தில் வைத்தால் இரண்டும் மின்னும், கலந்தால் சாக்கடை நிறம்தான். சரிசெய்யத் தேய்க்கத் தேய்க்க இன்னும் மோசமானது. கடைசியில் பேலட் கத்தியால் சுரண்டி எறிந்தேன்.

இப்போது மூன்றாவதில் முறையை மாற்றியிருக்கிறேன். முதலில் டர்பன்டைனில் கரைத்த மெல்லிய பூச்சாக நிழல்கள். அது இறுகியபின் மேலே கெட்டியான பெயிண்ட். நிழலுக்கு அல்ட்ராமரீன் என்கிற நீலம், அலிசரின் கிரிம்சன் என்கிற அடர்சிவப்பு, துளி வெள்ளை. கறுப்பு டியூபை வீட்டிலேயே விட்டுவிட்டேன்; தென்னை மரத்து இருட்டுக்கு அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் போதும். ஒரு தீற்று வைத்தால் பிரஷைத் துணியில் துடைத்துவிட்டுத்தான் அடுத்தது. வைத்ததை மறுபடி தொடக்கூடாது. இந்தக் கடைசி விதிதான் கஷ்டம், கை சும்மா இருப்பதில்லை.

வெயிலும் நிற்பதில்லை. ஏழு மணிக்குப் போரின் நிழல் இடப்பக்கம் நீளமாகக் கிடக்கிறது. எட்டரைக்குள் சுருங்கி, நிறமும் வெளுத்துவிடுகிறது. அதனால் ஒன்றரை மணி நேரம்தான், அப்புறம் மூட்டை கட்டிவிடுவேன்.

எண்ணெய்த் துணிகளைச் சுருட்டி மூலையில் போடும் பழக்கத்தையும் விட்டாயிற்று. ஆயில் பெயிண்டில் இருக்கும் ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது, அப்போது சூடு கிளம்பும். குவித்து வைத்த துணி தானாகவே தீப்பிடிக்கலாம். இப்போது கொடியில் விரித்துப் போடுகிறேன். அம்மாவுக்குத்தான் அந்த வாடை பிடிக்கவில்லை.

போன வாரம் வயல்காரப் பெரியவர் பின்னால் வந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க தம்பி, போருக்கு எதுக்கு நீலம் அப்பியிருக்கறீங்க?”

பத்திரிகை ஓட்டையை அவர் கையில் கொடுத்தேன். நிழல் பக்கம் பிடித்துப் பார்த்தார். “ஆமாங்க, நீலமாட்டத்தான் தெரியுது” என்றவர், அப்படியே அட்டையைத் தன் மாடு, மோட்டார் கொட்டகை, என் முகம் என்று வரிசையாகத் திருப்பினார். என் முகம் என்ன நிறம் என்று சொல்லவில்லை.

இந்த ஞாயிறு போனால் போரின் வலப்பக்கம் பாதி காணோம். மாட்டுக்குப் பிடுங்கிப் போட்டிருக்கிறார். என் கேன்வாஸில் வெயில் மஞ்சள் வைக்கவேண்டியிருந்த இடம் சரியாக அதுதான்.