பூசணம் பிடித்த மல்லாட்டையை மாட்டுக்கும் போடாதீர்கள்

திண்டிவனம் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சின்ன செக்கு இருக்கிறது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆட்ட வருகிறவர்களிடம் பூசணம் பிடித்த பருப்பைப் பொறுக்கிக் காட்டினால், பெரும்பாலும் ஒரே பதில்தான்: "சரிண்ணே, அத மாட்டுக்குப் போட்டுடறேன்." இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும்.

பருப்பின் மேல் மஞ்சள் கலந்த பச்சையில் மாவு மாதிரி படருமே, அதுதான் ஆபத்தானது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்று பெயர். அது சுரக்கும் அஃப்லடாக்ஸின் என்ற விஷம் கல்லீரலைக் கெடுக்கும்; புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும். வறுத்தாலும் முழுசாகப் போகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. தேடிப் போனதில், தீவனத்தில் கலந்த பிரேசில் மல்லாட்டைப் புண்ணாக்கில்தான் விஷயம் இருந்தது. எண்ணெய் ஆட்டும்போது விஷத்தில் பெரும்பங்கு புண்ணாக்கிலேயே தங்கிவிடும். அதைத்தான் கறவை மாட்டுக்கு ஊறவைத்து வைக்கிறோம்.

மாடு உடனே படுத்துவிடாது, அதனால் யாருக்கும் உறைப்பதில்லை. தின்ற விஷத்தில் சிறு பங்கு உருமாறிப் பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் அது போகாது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளைச் சோதித்ததில் 368இல் இந்த விஷம் வரம்பைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551இல் மட்டும் 88. வேறெந்த மாநிலத்திலும் இத்தனை இல்லை. வேளாவேளைக்குப் பால் குடிக்கிற பிள்ளைகளை நினைத்தால் மனசு ஆறவில்லை.

மல்லாட்டையைக் காயவைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பறித்த காயை ஈரத்தோடு குவித்து வைக்கக் கூடாது. காயைக் காதருகே குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். அதுவரை களத்தில் கிடக்கட்டும். இன்னொன்று: மெஷினில் உடைக்கும்போது பருப்பு நொறுங்காமல் இருக்கக் காய்மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்த ஈரத்தோடேயே மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்காமல் என்ன செய்யும்? உடைத்த பருப்பை மறுபடி ஒரு வெயில் காட்டுங்கள். மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

சொத்தை, சுருங்கல், நிறம் மாறியது எதுவும் எங்கள் செக்கில் ஏறாது. பொறுக்கியதைக் குழி வெட்டிப் புதைத்துவிடுகிறோம். கோழிக்கும் போட வேண்டாம். வாத்து வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள், வாத்துக் குஞ்சு இந்த விஷத்தைக் கொஞ்சமும் தாங்காது.