வெள்ளித் தகட்டில் ஒரு முகம்

காகிதத்தில் அழகாக வரும் புகைப்படம் சிடியின் மேற்பரப்பில் அச்சடித்தால் அப்படியே வந்துவிடாது. சிடி அச்சுக்குப் படம் தயார் செய்யும் வேலையில் இருந்தபோது வாடிக்கையாளர்களிடம் நான் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான்.

முதலில் துளை. 120 மில்லிமீட்டர் வட்டத்தின் நடுவில் 15 மில்லிமீட்டர் ஓட்டை. அதைச் சுற்றி வெறும் பிளாஸ்டிக் வளையம். அந்த வளையத்தின் மேல் ஏறும் நிறம் மற்ற இடத்தோடு ஒட்டாமல் தனியாகத் தெரியும். படத்தில் இருவர் இருந்தால் துளை அவர்களுக்கு நடுவே விழும்படி நகர்த்திவிடலாம். தனி ஆள் படம்தான் கஷ்டம். முகத்தை மேலே ஏற்றினால் தலை விளிம்பில் வெட்டுப்படும், இறக்கினால் மூக்கில் ஓட்டை விழும். பின்னணியை நீட்டி இடம் உண்டாக்கி, முகத்தைச் சற்றுச் சிறிதாக்கி ஒதுக்குவேன். அப்படியும் அடங்காவிட்டால் வேறு படம் கேட்பதே நல்லது.

துளையைவிட முக்கியம் வெள்ளை. படத்தில் வெள்ளையாக இருக்கும் இடத்தில் அச்சு மை எதுவும் விழாது. காகிதம் என்றால் அதுவே வெள்ளையாக இருக்கிறது. சிடியில் அந்த இடத்தில் கண்ணாடி போல மின்னும் உலோகம்தான் தெரியும். மற்ற மைகளும் ஒளியை ஊடுருவ விடுபவை என்பதால் முகங்கள் சாம்பல் பூத்து, தகட்டைச் சாய்க்கும்போதெல்லாம் நிறம் மாறும். அதனால் புகைப்படத்துக்கு அடியில் முதலில் வெள்ளை மை பூச வேண்டும். அந்த வெள்ளையைத் தனி லேயராகத் தயார் செய்வது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஆற்று நீர், எஃகுப் பாத்திரம் போன்ற இடங்களில் மட்டும் வெள்ளையை எடுத்துவிட்டால் அவை உண்மையாகவே பளபளக்கும். காகிதத்தில் சாதாரண மையால் இதைக் கொண்டுவர முடியாது.

நுண்ணிய வலை வழியாக மையை அழுத்தி அச்சிடும் ஸ்கிரீன் பிரிண்டிங் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். மிக நுண்ணிய புள்ளிகள் வலையில் நிற்காது. கன்னத்தின் வெளிச்சம் படிப்படியாக மங்காமல் திட்டென்று அறுபடும். கருமையான தலைமுடி அடைத்துக்கொள்ளும். அதனால் மிக வெளிச்சமான இடத்தைக் கொஞ்சம் அடர்த்தியாக்கி, மிகக் கருமையான இடத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கி முன்கூட்டியே வைப்பேன். புகைப்படத்துக்கு, ரப்பர் உருளை வழியாக மையை ஏற்றும் ஆஃப்செட் முறைதான் சரி என்பது என் கருத்து.

மற்றவை வழக்கமானவைதான்: அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் குறுக்களவுக்குச் சுமார் 1,400 பிக்சல் போதும். திரைக்கான ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) நிறங்களை அச்சுக்கான நான்கு மை நிறங்களான சிஎம்ஒய்கே ஆக்கும்போது பளிச்சென்ற நீலமும் பச்சையும் மங்கும்.

அப்புறம், காகித மாதிரியைப் பார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டாம் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்வேன். தகட்டிலேயே ஒன்று அடித்து, விளக்கடியில் நாலு பக்கமும் சாய்த்துப் பார்த்த பிறகே மொத்த அச்சுக்கு அனுப்பச் சொல்வேன்.