லடாக்குக்கு மடிக்கணினி இல்லாமல்

லடாக்குக்குப் படமெடுக்கச் செல்பவர்கள் எந்த லென்ஸை எடுத்துப்போவது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். எடுத்த படங்களை இரவில் எதில் இறக்குவது, எதில் பார்ப்பது, எதில் பத்திரப்படுத்துவது என்ற கேள்வியைப் புறப்படுவதற்கு முதல் நாள்வரை தள்ளிப்போடுகிறார்கள். லே நகரமே ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே விமானத்தில் போய் இறங்கியவருக்கு முதல் ஓரிரு நாட்கள் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் என்பதால், தோளில் தொங்கும் ஒவ்வொரு நூறு கிராமுக்கும் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற செப்டம்பர் இறுதியில் மடிக்கணினியை வீட்டில் வைத்துவிட்டு, 11 அங்குல ஐபேட் ப்ரோ ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு லேயிலிருந்து ஹான்லே வரை சென்று திரும்பினேன். பயணப் புகைப்படக்காரருக்கு டேப்லெட் போதுமா என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால், அந்தப் பயணத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

எடையை முதலில் பார்த்துவிடலாம், ஏனெனில் டேப்லெட்டுக்காக வாதாடுபவர்கள் எல்லோரும் அதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அந்த ஐபேட் அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. 13 அங்குல மேக்புக் ஏர் எம்2 மடிக்கணினி 1.24 கிலோ. ஆனால் ஐபேடுக்கென விற்கப்படும் மேஜிக் கீபோர்டு உறை மட்டுமே ஏறத்தாழ 600 கிராம் இருப்பதால், அதை மாட்டிய பிறகு இரண்டுக்கும் இடையே மிஞ்சும் வித்தியாசம் 200 கிராமுக்கும் குறைவு. நாள்தோறும் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தாக வேண்டியவர்கள் பேசாமல் மடிக்கணினியையே எடுத்துச் செல்லலாம். நான் விசைப்பலகை இல்லாமல், மெல்லிய உறை ஒன்றோடு மட்டும் சென்றேன். குறிப்புகளைக் காகித நோட்டில் எழுதிக்கொண்டேன்.

லடாக்குக்கே உரிய ஒரு விஷயமும் உண்டு. ஐபேடின் தொழில்நுட்ப விவரப் பட்டியலில், அது இயங்கும் அதிகபட்ச உயரம் 3,000 மீட்டர் என்றும், இயங்கும் வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்றும் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கின்படி லே நகரிலேயே அது எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஹான்லேயோ 4,300 மீட்டர் அளவில் இருக்கிறது. நடைமுறையில் என் கருவி எந்தத் தகராறும் செய்யவில்லை. உயரத்தைக் கண்டு உண்மையில் பயப்பட வேண்டியது பழைய வகை ஹார்ட் டிஸ்க்குக்காகத்தான். சுழலும் தட்டுக்கு மேலே அதன் வாசிப்பு முனை காற்றின் மெல்லிய படலத்தில்தான் மிதக்கிறது என்பதால், காற்று மெலிந்த உயரத்தில் முனை தட்டோடு உரசும் அபாயம் இருக்கிறது. மின்னணுச் சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. டிரைவில் சுழலும் பாகமே கிடையாது என்பதால் அந்தக் கவலை இல்லை. டேப்லெட் கொண்டுபோகிறவரோ மடிக்கணினி கொண்டுபோகிறவரோ, லடாக்குக்கு எஸ்.எஸ்.டி.யைத்தான் எடுத்துச் செல்ல வேண்டும்.

உடலை உயரத்துக்குப் பழக்கிக்கொள்ள லேயில் முடங்கிக் கிடந்த நாட்களில் டேப்லெட்டின் அருமை நன்றாகவே தெரிந்தது. ஷே, திக்சே மடாலயங்களில் எடுத்த படங்களைக் கட்டிலில் சாய்ந்தபடி, விரலால் தள்ளித் தள்ளித் தேர்வு செய்வது, மேசையில் குனிந்து மடிக்கணினியில் செய்வதைவிட வேகமாகவும் களைப்பில்லாமலும் நடந்தது. படம் திருத்தும் லைட்ரூம் செயலியில் கேமராவின் ரா கோப்புகளை, அதாவது பதப்படுத்தாத மூலக் கோப்புகளைத் திறந்து, திக்சேயின் வெள்ளைச் சுவர்களில் வெளிச்சம் கூடிப்போன இடங்களை மட்டும் திரையில் எழுதும் ஆப்பிள் பென்சிலால் தடவி அடக்க முடிந்தது. சுவரின் விளிம்பை ஒட்டிக் கை நடுங்காமல் கோடு இழுக்க, எந்தத் தொடுபலகையையும்விடப் பென்சில் மேல். ஒன்றை மட்டும் முதலிலேயே செய்துவிட வேண்டும்: சுற்றியிருக்கும் விளக்கொளிக்கு ஏற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன், மாலையில் திரையை மஞ்சளாக்கும் நைட் ஷிப்ட் ஆகிய இரண்டையும் அணைத்துவிட வேண்டும். அணைக்காமல் திருத்தினால், குண்டு பல்பு எரியும் அறையில் சரியாகத் தெரிந்த படம் ஊருக்கு வந்ததும் நீலம் பூத்திருக்கும். பகல் வெளிச்சத்தில் திரையைத் திறக்கவே வேண்டாம். லடாக்கின் வெயிலில் அதில் தெரிவது நம் முகம் மட்டும்தான்.

லேயிலிருந்து சிந்து நதியை ஒட்டி உப்ஷி, சுமதாங், லோமா வழியாக ஹான்லேக்குப் போகிற பாதையைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே, ஹான்லேயில் நான் தங்கிய வீட்டு அடுப்படியில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அன்று மாலை சாங்பா மேய்ப்பர்களின் பஷ்மினா ஆடுகளைப் படமெடுத்துவிட்டு வந்திருந்தேன். வீட்டின் மூத்த பெண்மணியை எல்லோரும் அபி-லே என்று அழைத்தார்கள். உப்புத் தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு அவர் அருகில் அமர்ந்ததும், டேப்லெட்டை அவர் மடியில் வைத்தேன். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கலாம் என்று பேரன் ஒருமுறை காட்டியதுதான் தாமதம். மந்தையின் நடுவே ஓர் ஆட்டின் கொம்புவரை பெரிதாக்கிக்கொண்டு போய், அதைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார். அது பக்கத்து வீட்டுக்காரரின் ஆடாம், எங்கள் மந்தையில் எப்படிக் கலந்தது என்று கேட்கிறார் என்று பேரன் இந்தியில் விளக்கினான். பிறகு அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று அடுப்பின் நெருப்பு தணியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். கேமராவின் பின்புறச் சிறுதிரையில் இது நடந்திருக்காது, மடிக்கணினியை அவர் மடியில் வைக்க எனக்குத் துணிவும் வந்திருக்காது. மறுநாள் காலை, படத்துக்கு நிற்க அதுவரை தயங்கிய அவருடைய மருமகள் தானே வாசலில் வந்து நின்றார். மனிதர்களைப் படமெடுப்பவருக்கு டேப்லெட்டைப் பரிந்துரைக்க எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

பார்ப்பதற்கும் தேர்வதற்கும் இவ்வளவு பொருத்தமான கருவி, பத்திரப்படுத்துவதில் பின்தங்கிவிடுகிறது என்பதுதான் என் முடிவு. 2019-இல் ஐபேட்ஓஎஸ் 13 வரும்வரை, மெமரி கார்டிலிருந்து படங்களை வெளி டிரைவ் ஒன்றுக்கு நேரே மாற்ற வழியே இல்லை. இப்போது ஃபைல்ஸ் செயலியில் கார்டும் எஸ்.எஸ்.டி.யும் இரண்டு கோப்புறைகளாகத் தெரிகின்றன. கார்டில் படங்கள் இருக்கும் டிசிஐஎம் கோப்புறையை அழுத்திப் பிடித்து நகலெடுத்து, மறுபக்கம் ஒட்டினால் வேலை முடிகிறது. ஆனால் நகலெடுத்த கோப்பு மூலத்தோடு ஒத்திருக்கிறதா என்று அந்தச் செயலி ஒப்பிட்டுச் சரிபார்ப்பதில்லை. மடிக்கணினியில் இதற்கென்றே மென்பொருள்கள் இருக்கின்றன. ஆகவே இரவுதோறும் அந்த வேலையைக் கண்ணால் செய்தேன்: இரண்டு கோப்புறைகளிலும் உள்ள கோப்புகளின் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிட்டு, நகலின் கடைசிக் கோப்பைத் திறந்து முழுதாக விரிகிறதா என்று பார்த்த பிறகே கார்டைக் கழற்றினேன்.

ஐபேடில் ஒரே ஒரு துளைதான் என்பது இன்னொரு தொல்லை. கார்டு ரீடர், எஸ்.எஸ்.டி., சார்ஜர் ஆகிய மூன்றையும் சேர்த்துச் செருகப் பல துளைகள் கொண்ட ஹப் ஒன்று தேவைப்படுகிறது. டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு நகலெடுக்கும்போது ஹப் சற்றே அசைந்தாலும் நகல் பாதியில் நிற்கக்கூடும். எல்லாவற்றையும் தரையில் பரப்பி, முடியும்வரை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதே வழி. வேகத்திலும் மாதிரிக்கு மாதிரி பெரிய வேறுபாடு உண்டு. 2022-இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் இருப்பது யுஎஸ்பி-சி துளைதான் என்றாலும், உள்ளே ஓடுவது நொடிக்கு 480 மெகாபிட் மட்டுமே கடத்தும் பழைய யுஎஸ்பி 2 வேகம். வாசிப்பும் எழுத்தும் அந்த ஒரே வழியில் மாறி மாறிப் போவதால், 64 ஜிபி கார்டு ஒன்றை எஸ்.எஸ்.டி.க்கு மாற்ற முக்கால் மணி நேரத்துக்கு மேலேயே பிடிக்கும். 2018 முதல் வந்த யுஎஸ்பி-சி ஐபேட் ப்ரோக்களில் துளையின் வேகம் நொடிக்கு 10 கிகாபிட் அல்லது அதற்கு மேல் என்பதால், கார்டின் வேகம்தான் எல்லை. சாதாரண யுஹெச்எஸ்-1 கார்டாக இருந்தாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடையில் துளையின் வடிவத்தைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடக் கூடாது.

படங்களை மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், ஏற்றிவிடலாமே என்பவர்கள் ஹான்லேக்கு வந்து பார்க்கட்டும். பிற மாநிலத்து ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்வதில்லை, போஸ்ட்பெய்டு வேண்டும். அது கிடைத்தாலும், 24 மெகாபிக்சல் கேமராவின் ரா கோப்பு ஒன்று 25 முதல் 30 எம்பி வரை வரும்போது, 500 படங்களை நொடிக்கு 2 மெகாபிட் இணைப்பில் ஏற்ற ஏறத்தாழ 14 முதல் 17 மணி நேரம் ஆகும். இதே ஹான்லேயின் மலைமேல், 4,500 மீட்டர் உயரத்தில், இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. ஜவ்வாது மலையின் காவலூர் ஆய்வகத்தை நடத்துவதும் அதே நிறுவனம்தான். சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரைத் தாங்கிய அந்தத் தொலைநோக்கியை, பெங்களூரு அருகே ஹொஸகோட்டேயில் இருந்தபடி செயற்கைக்கோள் இணைப்பில் இயக்குகிறார்கள். அவர்களுக்குக் கிட்டிய இணைப்பு சுற்றுலாப் பயணிக்குக் கிட்டாது. என் கேமராவில் இரண்டு கார்டு துளைகள் இருந்ததால் ஒவ்வொரு படமும் எடுக்கும்போதே இரண்டு பிரதியாகப் பதிவாகியது, எஸ்.எஸ்.டி. மூன்றாவது பிரதி. ஒற்றைக் கார்டு கேமராவும் டேப்லெட்டும் மட்டுமாக நான் இவ்வளவு தூரம் போக மாட்டேன்.

ஹான்லே 2022-இல் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம். இரவில் அங்கே வெள்ளை விளக்கைக் காட்டுவது பக்கத்தில் நிற்பவரின் கண்ணையும் படத்தையும் ஒருசேரக் கெடுக்கும். ஐபேடின் அணுகல்தன்மை அமைப்புகளில் வண்ண வடிகட்டியைத் தேர்ந்து, சாயலைச் சிவப்பாக்கி, செறிவை முழுக்க ஏற்றிவிட்டால் திரை முழுவதும் அடர்சிவப்பாகிவிடுகிறது. மேல் பொத்தானை மூன்று முறை அழுத்தினால் அது வந்து போகும்படி குறுக்குவழியும் வைத்துக்கொள்ளலாம். பால்வீதியைச் சட்டகத்தில் வைத்து எடுத்த படங்களில் நட்சத்திரம் கூர்மையாக விழுந்ததா என்று கேமராவின் வைஃபை வழியாக அந்தச் சிவப்புத் திரையிலேயே பெரிதாக்கிப் பார்த்தேன். ஆனால் வரிசையாக எடுத்த வான் படங்களை அடுக்கி இரைச்சலைக் குறைக்கும் வேலைக்கு, நான் நம்பும் மென்பொருள்கள் இன்றும் மடிக்கணினிக்கே எழுதப்படுகின்றன. அந்தப் படங்கள் ஊர் திரும்பும்வரை காத்திருந்தன.

மின்சாரத்தில் டேப்லெட்டுக்கு நிச்சயமான அனுகூலம் உண்டு. அதன் பேட்டரி சுமார் 29 வாட்-மணி. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் ஒன்றில் 74 வாட்-மணி இருப்பதால், இழப்பு போக ஏறத்தாழ இரண்டு முறை நிரப்பலாம். மேக்புக் ஏருக்கு அதே பவர் பேங்க் ஒரு முறையோடு சரி. விமானத்தில் கைப்பையில் மட்டுமே பவர் பேங்கை அனுமதிக்கிறார்கள், அதுவும் சிறப்பு அனுமதி இல்லாமல் 100 வாட்-மணிக்குள். இரவில் வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியதால் டேப்லெட்டையும் கேமரா பேட்டரிகளையும் ரஜாய் போர்வைக்குள் என்னோடு படுக்க வைத்துக்கொண்டேன்.

ஆண்ட்ராய்டு பக்கம் சாம்சங்கின் கேலக்ஸி டேப் எஸ்9 வரிசையை நண்பர் ஒருவர் வைத்திருக்கிறார். மைக்ரோ எஸ்டி துளையும், தண்ணீருக்கும் தூசிக்கும் தாங்கும் ஐபி68 தரமும் அதற்கு உண்டு; லைட்ரூமும் ஓடுகிறது. ஹுண்டரின் மணல்மேடுகளுக்குப் போகிறவர் அதைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். விண்டோஸ் டேப்லெட்டில் முழு லைட்ரூம் கிளாசிக்கே ஓடும், ஆனால் எடையிலும் பேட்டரியிலும் அது மடிக்கணினியின் தம்பிதான். கூலிக்குப் படமெடுக்கச் செல்கிறபோதும், 4கே காணொளி எடுத்துத் தினம் நூறு ஜிபிக்கு மேல் சேர்கிறபோதும் நான் இப்போதும் மடிக்கணினியைத்தான் பையில் வைக்கிறேன். எனக்காகப் போகிற பயணங்களுக்கு டேப்லெட், எஸ்.எஸ்.டி., ஒரு ஹப், உபரியாக இன்னொரு ஹப்.